நாற்பத்தோரு நிமிடம், இழப்பில்லாத வடிவில்

பிப்ரவரி 9, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை பத்து நாற்பதுக்கு, இந்த வீட்டின் ஒலிகள் அனைத்தும் இனி ஃபிளாக் என்னும் திறந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கப்படும் என்று முடிவெடுத்தேன். முடிவை அறிவித்தபோது என் மனைவி கலாமணி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். பெரிய முடிவுகள் பலவும் தாம் பிறந்த வீட்டில் இப்படித்தான் வரவேற்கப்பட்டிருக்கும்.

பின்னால் யாராவது இந்தக் குறிப்பைப் படிக்க நேர்ந்தால் காரணம் தெரிய வேண்டும் என்பதால் எழுதிவைக்கிறேன். நாம் தொலைபேசியில் கேட்கும் பாட்டு முழுப் பாட்டு அல்ல. காது கவனிக்காது என்று யாரோ தீர்மானித்த பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்துவிட்டு வாடிக்கையாளர் கவனிக்கமாட்டார் என்று சொன்ன வியாபாரிகளின் மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் அதே வியாபாரத்தை என் வீட்டு ஸ்பீக்கரில் அனுமதிக்க முடியாது.

இழப்பில்லாத வடிவங்கள் வேறு மாதிரி. சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல ஒலியை மடிக்கின்றன; பிரிக்கும்போது ஒரு நூல்கூடக் குறையாது. இதில் இரண்டு வகை. திறந்த வடிவம் என்றால் மடிக்கும் முறை ஊருக்கே தெரியும், யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். கம்பெனி வடிவம் என்றால் முறை கம்பெனிக்கு மட்டும் தெரியும், அதன் பெட்டியில், அதன் தயவில், அது இருக்கும்வரை கேட்கலாம். எதிர் வீட்டு நஞ்சப்பன் இரண்டாம் வகை. மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்தவர். மனிதர் நல்லவர்.

திறந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று: ஒலிக்கு மட்டுமே இடம் எடுத்துக்கொள்கிறது. பதிவில் மௌனம் வந்தால் அதற்கு இடமே செலவழிப்பதில்லை.

கலாமணிக்குத் தொண்டை கரகரப்பு ஆறாவது வாரம். நாளை ஸ்கேன் முடிவு வாங்க வேண்டும். கூட்டில் உப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

மருத்துவமனையில் நாங்கள் காத்திருந்த கூடத்துத் தொலைக்காட்சியின் ஒலி மிக மோசம். ஸ்பீக்கர் ஒன்றில் உதறல் இருந்தது. அதைச் சொல்ல ஆள் தேடினேன். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருத்துவர் அந்த வார்த்தையை ஒரு முறைதான் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை. தைராய்டில் இருக்கிறது, எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். குரலுக்குப் போகும் நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பதையும் படத்தில் பேனா முனையால் காட்டினார்.

கலாமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்புறம் பேச வருமுங்களா?"

"நரம்பக் காப்பாத்தத்தான் பாப்போம்மா. உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அறுவை மார்ச் 5. இருபத்து மூன்று நாள். திரும்பும் வழியில் அவள் ஆட்டோவை நிறுத்திக் கொத்தமல்லிக் கட்டு வாங்கினாள். இரண்டு கட்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தாள். கீரைக்காரம்மாவிடம் பேசியது ஏறக்குறைய நான்கு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கலாமணியின் குரலைப் பதிவு செய்துவைக்க வேண்டும். முழுதாக, ஒரு நூல் குறையாமல். காலை எடுத்த முடிவின் முக்கியத்துவம் மாலையில் தெரிகிறது என்று எழுத நினைத்தேன். அந்த முடிவு நேற்றே எடுத்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பயனுள்ள நாள். தொலைபேசியில் இடமில்லை என்று ஒரு மாதமாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. தேடியதில் காரணம் அகப்பட்டது: குடியிருப்போர் குழு.

எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். கலாமணி ஆறு ஆண்டுகளாகச் சங்கச் செயலாளர். நல்ல தண்ணீர் வரும் நாள், உப்புத் தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி, லிஃப்ட் எல்லாம் அவள் பொறுப்பு. தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே அனுப்புவாள். நான் அந்தக் குழுவை ஊமையாக்கி வைத்திருக்கிறேன். அறிவிப்பைப் பக்கத்து அறையிலிருந்தே நேரடியாகக் கேட்கிறவனுக்கு நகல் எதற்கு?

என் தொலைபேசியில் அப்படி 1,162 பதிவுகள். எல்லாம் நசுக்கப்பட்ட வடிவம். ஒரு கிலோவில் முப்பது கிராம்கூட மிஞ்சாது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். காலியான இடத்தில் முழு எடைப் பாட்டு ஒன்று ஏறியது.

பிப்ரவரி 12, புதன்

புதிய மைக் வந்தது. என் கணினியில் இன்னும் பதிவு நிரல் போடவில்லை என்பதால் நஞ்சப்பன் வீட்டில் சோதித்துப் பார்த்தோம். அவர் அறை சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய அறை. கம்பெனிப் பெட்டி, கம்பெனி ஸ்பீக்கர், கம்பெனிக் கணினி. மைக்கில் அவர் "ஒண்ணு, ரெண்டு" என்றார். திரும்பப் போட்டதும் அறைக்குள் இரண்டு நஞ்சப்பன் இருப்பது போல இருந்தது. ஒருவரே போதுமானவர்.

என் முடிவின் நியாயத்தை விளக்கினேன். கம்பெனியை நாளைக்கே மூடிவிட்டால் அவர் பாட்டுகள் எல்லாம் பூட்டிய பீரோவாகிவிடும், சாவி வேறு ஊரில் இருக்கும் என்றேன்.

"கம்பெனி மூடுனா எனக்கு வம்பு, ஒத்துக்கறேன்" என்றார். "உங்களுத நெனச்சுப் பாருங்க ஆபீசரே. திறந்த வடிவத்தத் தெறக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமல்லங்க? உங்க வீட்ல நீங்க ஒருத்தர்தானுங்க கம்பெனி. நீங்க மூடீட்டா?"

இதற்குப் பதில் இருக்கிறது. இன்னும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது சொன்னார்: "அம்மிணியக் கூட்டியாங்க. இங்கயே பேசச் சொல்லி இப்பவே பதிஞ்சுபோடலாம். பத்து நிமிஷ வேலை. வடிவத்த அப்புறம் பாத்துக்கலாம்."

கலாமணியின் குரலைக் கம்பெனிப் பூட்டுக்குள் வைக்கச் சொல்கிறார். நன்றி சொல்லிவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

முடிவை மறுபரிசீலனை செய்துகொண்டிருக்கிறேன். நஞ்சப்பனின் கேள்வி தூங்கவிடவில்லை.

ஒரு கோப்பு எப்படியெல்லாம் அழியும் என்று படித்தேன். வட்டு துருப்பிடிக்கலாம். எந்தக் காரணமும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், ஒரே ஒரு புள்ளி மட்டும் மாறிப்போகலாம். வெளியே பார்த்தால் கோப்பு முழுதாக இருக்கும், உள்ளே ஓர் இடத்தில் கெட்டுப்போயிருக்கும், பரவும்வரை தெரியாது. கட்டுரையை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கலாமணி மூன்று முறை கனைத்தாள். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று.

பிப்ரவரி 15, சனி

எங்கள் மகள் சுகன்யா மஸ்கட்டிலிருந்து பேசினாள். அம்மாவும் மகளும் தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இன்று ஒன்றே முக்கால். என்னிடம் வந்தபோது, "அம்மா தைரியமாத்தாம்ப்பா இருக்காங்க. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். திறந்த வடிவத்தின் பிழைத் திருத்த வசதிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கணினியில் பதிவு நிரலை நிறுவினேன். திறந்த வடிவத்துக்கே எழுதப்பட்டது. இரண்டு பழைய சிடிகளை மாற்றிப் பார்த்தேன். நகலும் அசலும் ஒன்றுதானா என்று காட்டும் சரிபார்ப்பு எண் அச்சாகப் பொருந்தியது. அப்பழுக்கற்ற நிரல்.

நிறுவும்போது வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று அறிய, என் கோப்புகளைப் பார்க்க, மைக்கைப் பயன்படுத்த. ஏதாவது அனுமதி கேட்டால் 'மறு' என்பதை அழுத்துவது என் கொள்கை. இந்தக் காலத்தில் கேட்பவருக்கெல்லாம் வீட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று செய்தித்தாளில் தினம் வருகிறது. கோப்புகளுக்கு மட்டும் கொடுத்தேன், மற்றவற்றை மறுத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வீட்டுக்குள் பாட்டு அனுப்பும் பெட்டியை இணைத்தாயிற்று. கூடத்தில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் ஒன்று. வட்டில் இருப்பது எதுவானாலும் வீட்டின் எந்த மூலையிலும் முழு எடையில் கேட்கும்.

பதிவைப் பற்றி இன்றுதான் கலாமணியிடம் பேசினேன். மைக்கைக் காட்டி, இதன் முன் உட்கார்ந்து ஏதாவது பேச வேண்டும் என்றேன்.

"என்ன பேசோணும்?"

எதுவானாலும் என்றேன். ஒலியின் எல்லா அளவுகளும் பதிவாக வேண்டும். மெதுவாகவும் உரக்கவும், சிரித்தும் கோபமாகவும் பேசினால் நல்லது என்றேன்.

"ஏனுங்க, அரிசிக்கடைப் படிக்கல்லுக்கு முத்திரை போட்ட மாதிரி என் தொண்டைக்குப் போடறீங்களாக்கும்" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் போய்ச் சேந்துபோட்டவளாட்டம் என்னப் பேசச் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

பதிவு இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம் என்று சொல்ல வாய் திறந்தேன். குக்கர் விசிலடித்தது. வடிவம் இன்னும் இறுதியாகவில்லை, அவசரமில்லை, மார்ச் 5-க்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

இறுதி முடிவு: திறந்த வடிவம். மூன்று வட்டுகளில் மூன்று நகல். ஒரு வட்டு மஸ்கட்டுக்கு. நஞ்சப்பனின் கேள்விக்குப் பதிலாக, கோப்பைத் திறக்கும் முறையைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி லேமினேட் செய்து வட்டோடு வைக்கப்போகிறேன். நான் மூடிவிட்டாலும் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள்.

பத்து நாள் ஆலோசித்து, முன்பு எடுத்த முடிவையே மறுபடி எடுத்திருக்கிறேன். கலாமணியிடம் அறிவித்தேன். "சரிங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

மருத்துவமனையிலிருந்து அழைப்பு. மார்ச் 5 இல்லையாம். 24-ஆம் தேதியே அறுவை அரங்கு கிடைத்துவிட்டது, மருத்துவர் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார், 23 மாலை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள்.

லேமினேட் கடை மூடியிருந்தது.

பிப்ரவரி 22, சனி

பதிவு முடிந்தது.

நேற்று கலாமணி தானாக வந்து சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் பேசறனுங்க. ஆனா நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது." எனக்கும் அது வசதிதான், அறையில் இன்னொருவர் மூச்சுவிட்டால் பதிவில் விழும்.

மின்விசிறியை நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தேன். கீழே காவலாளியிடம் சொல்லி இரண்டிலிருந்து மூன்றுவரை மோட்டார் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கலாமணி நீலச் சேலை கட்டி, தலை வாரி, மைக் முன் உட்கார்ந்தாள். ஒலியின் அளவைக் காட்டும் கோடு கணினித் திரையில் ஓடும் என்று நான் சொன்னதும், "ஐசியூ மாதிரி இருக்குது, அக்கட்டால திருப்பி வைங்க" என்றாள். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். விசைப்பலகையில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கதவைச் சாத்திவிட்டு பால்கனிக்குப் போய் அங்கேயும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாற்பத்தோரு நிமிடம். பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டு நஞ்சப்பன் தொட்டியில் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுவது தெரியும். அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பேச்சு கேட்கவில்லை. ஒரே ஒரு முறை ஏதோ சிரிப்பு போலக் கேட்டது. சிரிப்பு இல்லாமலும் இருக்கலாம்.

கதவைத் திறந்து வெளியே வந்தவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து, "முப்பத்தி நாலு வருசமா உங்ககிட்டச் சொல்லாததெல்லாம் சொல்லிப்போட்டேன். ஒண்ணு ரெண்டு கேட்டும் இருக்கறேன். ஆபரேசன் முடிஞ்சப்புறம் கேட்டுப்போட்டுப் பதில் சொல்லுங்க. இப்பக் கேக்கக் கூடாது" என்றாள்.

கேட்கவில்லை. மூன்று வட்டுகளுக்கும் நகலெடுத்தேன். சரிபார்ப்பு எண்கள் மூன்றும் பொருந்தின. முத்திரை ஆய்வாளனாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான சோதனை செய்ததில்லை. சும்மா ஒரு முறை போட்டுக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பக்கத்து அறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டு, துண்டு எங்கே என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் அங்கேயே இருக்கும்போது பதிவு எதற்கு?

பிப்ரவரி 23, ஞாயிறு

சேர்த்தாயிற்று. சுகன்யா வந்துவிட்டாள். அறை எண் 214.

பிப்ரவரி 24, திங்கள்

ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். கதவருகில், "மோட்டார நிறுத்துனீங்களா?" என்று கேட்டாள். நிறுத்தினேன் என்றேன்.

ஒன்று இருபதுக்கு மருத்துவர் வெளியே வந்தார். முழுதும் எடுத்தாயிற்று, உயிருக்குப் பயமில்லை என்றார். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

பிப்ரவரி 26, புதன்

காற்று மட்டும் வருகிறது. முயற்சி செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஓரளவு திரும்பலாம், ஆனால் பழைய குரலாக இருக்காது என்றார் மருத்துவர். அவர் பேசும்போது கலாமணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 1, சனி

நேற்று வீட்டுக்கு வந்தோம். கலாமணி சங்கத்தின் பழைய நோட்டீஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பேசுகிறாள். கையெழுத்து அவள் பேச்சைப் போலவே வேகம். தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் ஒரு மணி நேர உரையாடலில் இப்போது சுகன்யாவின் பக்கம் மட்டும்தான் கேட்கிறது.

மாலையில் இருவரும் தூங்கியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதிவைப் போட்டேன்.

நீளம் நாற்பத்தோரு நிமிடம் என்று காட்டியது. முதல் நிமிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் தயங்கியிருப்பாள் என்று நினைத்தேன். பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளினேன். இருபதாவது. முப்பத்தைந்தாவது. ஒலியை முழுதும் கூட்டினேன். இரைச்சல்கூட இல்லை. அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்கும் சேலைச் சரசரப்புகூட இல்லை. கோடு ஓட வேண்டிய இடத்தில் ஒரே நேர்கோடு.

அப்புறம்தான் கோப்பின் அளவைப் பார்த்தேன். நானூறு மெகாபைட் இருக்க வேண்டும். ஒரு மெகாபைட்கூட இல்லை. மௌனத்துக்கு இடம் செலவழிப்பதில்லை.

நிரலின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். மைக்: அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்த தேதியும் இருந்தது. பிப்ரவரி 16.

மூன்று வட்டுகளிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் காப்பி கொண்டுபோனபோது கலாமணி ஒரு தாளை நீட்டினாள். "கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

முழுதும் கேட்டீர்களா என்று எழுதினாள். முழுதும் கேட்டேன் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. நாற்பத்தோரு நிமிடத்தையும் கேட்டேன்.

என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "நான் கேட்டதுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

"மத்ததுக்கும்?"

மற்றதுக்கும் என்றேன். அவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் பல வாரமாக இல்லாத ஒரு நிம்மதி. நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். டம்ளரை இரண்டு முறை கழுவினேன்.

மார்ச் 5, புதன்

பழைய குரல் எங்காவது இருக்கும். தேடிக்கொண்டிருக்கிறேன். கலாமணியின் தொலைபேசியில் எதுவும் இல்லை; அனுப்பியதையெல்லாம் வாராவாரம் அழித்துவிடுவது அவள் வழக்கம்.

சுகன்யாவிடம் ஜாடையாகக் கேட்டேன். "அம்மா எனக்கு வாய்ஸ் அனுப்பினதே இல்லப்பா. நாங்கதான் டெய்லி போன்லயே பேசுவோமே. அதான் நீங்க ரெகார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றாள். அவள் திருமண வீடியோவை முழுதும் பார்த்தேன். கலாமணி இருபது காட்சிகளில் பேசுகிறாள். இருபதிலும் வீடியோக்காரர் பாட்டுப் போட்டிருக்கிறார்.

குடியிருப்பில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். குழுவின் பழைய குரல் பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா, சங்க ஆவணத்துக்கு வேண்டும் என்றேன். தண்ணீர் வந்த செய்தியை யார் சார் சேர்த்து வைப்பார்கள் என்றார்கள். சிலர் புதுத் தொலைபேசி வாங்கிவிட்டார்கள். சிலர் கேட்டதும் அழித்துவிடுவார்களாம். முதல் மாடி அம்மாளிடம் ஒன்று இருக்கும் என்று தோன்றி ஓடினேன். அது குப்பை வண்டிக்காரர் அனுப்பியது.

கலாமணி எழுதத் தாள் எடுக்கும்போதெல்லாம் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு எழுந்துபோகிறேன். எதற்குச் சம்மதித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

நஞ்சப்பனிடம் போகாமல் இருந்தேன். இன்று போனேன். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் அவர் கம்பெனி ஸ்பீக்கரை நிறுத்தினார்.

அந்த மறுப்புப் பொத்தானைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு இருக்குதுங்க ஆபீசரே. நட்சத்திரம் போட்டு வெச்சிருந்தேன்."

எதற்கு என்றேன்.

"உங்களக் கிண்டல் பண்றதுக்குத்தானுங்க."

போட்டார். போன வருடத்து ஜூன் மாதப் பதிவு. கலாமணியின் குரல், முழுக் குரல், கீழே மோட்டார் ஓடும் சத்தத்துக்கு மேலே: "எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணு பி-ல மோட்டாரப் போட்டுப்போட்டு ஆளு பாட்டுக் கேட்டுட்டு இருக்கறாரு. தொட்டி நெறஞ்சு தண்ணி ரோட்ல போகுது. யாராவது போய்க் கதவத் தட்டுங்க, நான் காய்கறிக் கடைல நிக்கறேன்."

மூணு பி எங்கள் வீடு.

இரண்டு முறை போடச் சொன்னேன். மூன்றாவது முறை அவராகவே போட்டார்.

மார்ச் 8, சனி

அந்தப் பதிவைத் திறந்த வடிவத்துக்கு மாற்றினேன். மாற்றும் முன் 27 கிலோபைட். மாற்றிய பின் 540. வெட்டியெறிந்தது எதுவும் திரும்பி வருவதில்லை. பெட்டி மட்டும் பெரிதாகிறது. மூன்று வட்டுகளில் நகலெடுத்தேன். எண்கள் பொருந்தின.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் சமையலறை ஸ்பீக்கருக்குப் பழைய பாட்டுகளை அனுப்பினேன். கலாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்காவது பாட்டு முடிந்ததும், வட்டில் அடுத்ததாக இருந்ததை எடுத்துப் பெட்டி தானாகவே அனுப்பிவிட்டது. நான் கூடத்தில் இருந்தேன். எல்லாருக்கும் வணக்கமுங்க என்றது சமையலறை.

ஓடிப்போனேன். அவள் தோசைக் கரண்டியோடு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றாள். கதவத் தட்டுங்க என்பதுவரை கேட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டும்தான்.

தோசை தீய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தாளைத் தேடி எடுத்து எழுதினாள்: "அத்தன நேரம் பேசுனத விட்டுப்போட்டு இதையா போடறீங்க?"

"இதுதான் தெளிவா இருக்குது" என்றேன்.

அவள் தாளில் பேனாவை வைத்தாள். எடுத்தாள். என்ன எழுத வந்தாள் என்று தெரியவில்லை. தாளை மடித்து, தோசை மாவுப் பாத்திரத்தை மூடினாள்.

மார்ச் 16, ஞாயிறு

சுகன்யா நேற்று ஊருக்குத் திரும்பினாள். மஸ்கட்டுக்கான வட்டைக் கேட்டாள். இன்னும் சோதனை முடியவில்லை என்றேன்.

இன்று சங்கப் பொதுக்குழு. கலாமணி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் படித்தார். உடல்நிலை காரணமாகச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறாள். தன் இடத்துக்குத் தன் கணவரை முன்மொழிகிறாள். இது குறித்து அவரிடம் விரிவாகப் பேசிவிட்டதாகவும், அவர் முழு மனதோடு சம்மதம் தெரிவித்திருப்பதாகவும் கடிதத்தில் இருந்தது.

நஞ்சப்பன் வழிமொழிந்தார். என்னைப் பார்க்காமல் வழிமொழிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பதிவில் ஒன்றிரண்டு கேட்டிருப்பதாகச் சொன்னாளே, அதில் ஒன்று இதுதான் என்று தெரிந்துவிட்டது. படியேறும்போது கலாமணி மோட்டார் அறைச் சாவியை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு தாளை எடுத்து எழுதினாள்: "மத்தது எப்ப?"

சீக்கிரம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

ஆறு பத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டேன். குழுவில் அறிவிக்கக் குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்டது. கொடுத்தேன். பதிவின் நீளம் பதினான்கு நொடி.